பென்சில் படாத படம்

கணபதி என்ற ஊரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த சீனிவாசலுவின் கை பட்டால் உலகத்தில் கறுப்பு என்பதே கிடையாது. பவுடரை அப்பி, மூன்று விளக்கையும் நேராக அடித்து, நெகட்டிவில் பென்சில் தீட்டினால், அங்கே கறுத்தது படத்தில் வெளுத்து, எந்தப் பெண்ணும் பால்கோவா நிறத்துக்கு வந்துவிடுவாள். கலர் வந்த பிறகும் பெண் பார்க்கும் படத்தை அவர் கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார்; பென்சில் அதில்தான் ஓடும்.

சொந்த மகள் ரங்கநாயகிக்கும் அதே வைத்தியம்தான். அவள் நல்ல கறுப்பு. படத்தைப் பார்த்து ஓடி வந்தவர்கள், ஆளைப் பார்த்ததும் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். மனிதருக்கு உறைத்தால்தானே! அடுத்த வரனுக்குப் பென்சிலை இன்னும் அழுத்தினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் பாலகோபால் அவரை ஃபிலிம் சொசைட்டிக்கு இழுத்துப் போனார். பழைய அமெரிக்கக் கொலைப் படம். இங்கிலீஷ் ஒரு வரி பிடிபடவில்லை. நடுவில் ஒரு பெண் கதவோரம் வந்து நின்றாள். ஒரே விளக்கு, பாதி முகம் இருட்டு. அந்த இருட்டிலிருந்துதான் கன்னமும் கழுத்தும் எழுந்து வந்தன. சீனிவாசலு அசந்துபோனார். இத்தனை அழகை அவர் கண்டதில்லை.

"இதுக்கு நுவார்னு பேருங்க. பிரெஞ்சுல கறுப்புன்னு அர்த்தம்" என்றார் பாலகோபால், வெளியே வந்ததும். "நாவல்ல ஆரம்பிச்சு சினிமாவுக்கு வந்துச்சு. இப்ப விளம்பரத்துல கூட அதுதானுங்க."

"கறுப்புக்குப் பேரு வெச்சுக் கொண்டாடறாங்களா!"

மறுநாள் அடுத்த வரனுக்குப் புதுப் படம் வாங்கக் கல்யாணத் தரகர் வந்து உட்கார்ந்திருந்தார். சீனிவாசலு மகளைப் பவுடரில்லாமல் நிறுத்தி, இரண்டு விளக்கை அணைத்தார். மனைவி பங்காரம்மா பதறிப்போனாள்.

"ஏனுங்க, இருக்கற வெளிச்சத்தையும் அணைச்சுப்போட்டு என்ன பண்றீங்க? இந்த வரனும் போயிருமுங்க!"

அவர் படத்தை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போனார். மருந்துத் தட்டில் காகிதம் மெல்லக் கறுத்தது. முதலில் கண், பிறகு நெற்றியோரம், பிறகு மூக்கின் கூர்மை. இப்படி ஒருத்தி இந்த வீட்டில் இருப்பதே பெற்று வளர்த்தவருக்குத் தெரியாது.

ஈரம் காயாத படத்தை மகளிடம் நீட்டினார். ரங்கநாயகி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள்.

"நைனா, இத்தன வருசமா இதையவா அழிச்சுட்டு இருந்தீங்க?"

சீனிவாசலுவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. படத்துக்காகக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை; தானே போய்த் தரகரிடம் கொடுத்தாள்.

"இதுதானுங்க நானு. புடிச்சா வரச் சொல்லுங்க."