முதலுதவித் தாளின் மூன்றாவது வரி

1

இந்தக் கதை எங்கள் அச்சகச் சுவரில் தொங்கும் ஒரு தாளிலிருந்து பிறந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 'விஷம் உட்கொண்டவருக்கு முதலுதவி.' பத்தாயிரம் பிரதி அடித்தோம். மெய்ப்புப் பார்த்தவன் நான். மூன்று முறை பார்த்தேன். ஒரு கால்புள்ளிகூடத் தப்பவில்லை. விஷயம் மட்டும் மண்டையில் ஏறவில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'மரணம் ஒரு நீலப் புட்டிக்குள் காத்திரு...' (அடித்துவிட்டேன். புட்டி நீலமே இல்லை. விருது கிடைக்கும் என்ற நப்பாசைதான் நீலமாகத் தெரிந்திருக்கிறது.)

இரண்டாவது: 'அன்று வானம்...' (வானத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?)

சரி, நடந்ததையே சொல்லித் தொலைக்கிறேன். அச்சு மெஷின் ஓட்டும் என் மச்சினன், தண்ணீர் என்று நினைத்து, உருளை கழுவும் திரவத்தை இரண்டு மடக்கு குடித்துவிட்டான். மண்ணெண்ணெய்க்கு ஒன்றுவிட்ட தம்பி அது. அதைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது எங்கள் வழக்கம். டின்னைத் தூக்கினால் இடுப்பு வலிக்கிறதாம். எந்தப் பாட்டிலில் எது என்று 'எல்லாருக்கும் தெரியும்'. அவனுக்கும் தெரியும்தான். அன்றைக்குப் பாட்டில் சாப்பாட்டு மேஜையில் இருந்தது.

3

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். எங்களிடம் அரை வைத்தியர்கள் ஏழு பேர்.

"முட்டை வெள்ளைக்கரு குடுங்க!" என்றார் பைண்டிங் அக்கா.

"விரல விட்டு வாந்தி எடுக்க வைங்கப்பா!" என்றார் கட்டிங்காரர்.

மேலாளர் கதவைச் சாத்தினார். "வெளிய தெரிய வேணாம்."

தாள் சுவரில்தான் இருந்தது. அதே ஆணியில் எல்லாருடைய சட்டையும் தொங்கியது.

4

இங்கே நிதானமான ஒருவர் வருகிறார். சட்டைகளை விலக்கித் தாளைப் படிக்கிறார். "ஒண்ணும் குடுக்காதீங்க, பாட்டில எடுங்க, ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க" என்கிறார். (இந்தப் பாத்திரத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. அப்படி ஓர் ஆள் எங்கள் அச்சகத்தில் வேலை பார்த்ததேயில்லை. நீக்கிவிட்டேன்.)

யாரோ ஒருவர் உப்பைக் கரைத்துக் கொண்டுவந்தார்.

(யாரோ ஒருவர்! என்ன சாமர்த்தியம் பாருங்கள்.)

நான்தான் கரைத்தேன்.

"வேணாம் மாமா, தொண்டை எரியுது."

"குடிடா. எனக்குத் தெரியும்."

இரண்டு முறை வாந்தி எடுத்தான். இரண்டாவதற்குப் பிறகு இருமல் ஆரம்பித்தது. அது நிற்கவேயில்லை.

தாளின் மூன்றாவது வரி: 'வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் வகை என்றால், மேலே வரும்போது நுரையீரலுக்குள் போய்விடும்.' முதல் வாக்கியத்தின் முற்றுப்புள்ளி நான் வைத்தது.

5

முடிவு (அ): பிழைத்துக்கொள்கிறான், எல்லாரும் சிரிக்கிறார்கள். முடிவு (ஆ): இறக்கிறான், மேலாளர் மாலையோடு வருகிறார். இரண்டும் வெட்கங்கெட்ட முடிவுகள். இரண்டையும் அடித்துவிட்டேன்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரம். நாங்கள் கொண்டுபோன பாட்டிலை டாக்டர் மோந்து பார்த்தார்.

"வாந்தி எடுக்க வெச்சீங்களா? மறைக்காம சொல்லுங்க. சொன்னாத்தான் நுரையீரல் சிகிச்சைக்கு இப்பவே தயாராக முடியும்."

என் மனைவி முந்திக்கொண்டாள். "இல்ல டாக்டர். என் தம்பி கூட இவர்தான் இருந்தாரு. அந்த முதலுதவித் தாளையே இவர்தான் திருத்தினாரு. அப்படியெல்லாம் பண்ண விடவே மாட்டாரு."

டாக்டர் என்னைப் பார்த்தார். அவளும் பார்த்தாள், பெருமையோடு.

"டாக்டர், நான்

(வாக்கியம் இங்கே நிற்கிறது. உங்களிடம் ஒப்புக்கொண்டது பெரிய காரியமில்லை, நீங்கள் என் மனைவி இல்லை. மீதியை நீங்களே எழுதுங்கள். பிழை இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் சீக்கிரம். உள்ளே அவன் இன்னும் இருமுகிறான்.)