நலமாயிருக்கும் வெர்லின்

இதனால் வடக்கு மின்னசோட்டாவின் சகல குடிமக்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: பதினான்கு ஆண்டுகளாக முடக்குவாதத்தால் அவதிப்பட்டுவந்த திருவாளர் வெர்லின் ஹாகன், ஜனவரி ஏழாம் தேதி முதல் பூரண நலம் பெற்றுவிட்டார். அவரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் இந்த உண்மையைக் கண்டறிந்தது, அவருடைய மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனி.

வெர்லினும் நானும் கவுண்டி என்கிற மாவட்ட நிர்வாகத்தின் பனி வாரும் லாரி ஓட்டுகிறவர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொடையில் ஊசி போட்டுக்கொண்டால்தான் அவன் விரல்கள் மடங்கும். இந்த ஊசி வருவதற்கு முன்பு அவன் கோட்டுக்குப் பொத்தான் போட்டுவிட்டது நான்தான்; இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

ஊசிக்கு வருஷாவருஷம் கம்பெனியின் அனுமதி வேண்டும். இந்த வருஷம் டாக்டர், தன் வைத்தியத்தின் பெருமையில், "மூட்டுகளில் வீக்கமே இல்லை" என்று எழுதித் தொலைத்தார். வீக்கம் இல்லாதவனுக்கு மருந்து எதற்கு என்றது கம்பெனி. சரி, ஊசியை நிறுத்திவிட்டு வீங்கலாம் என்றால், லாரியின் லீவரைப் பிடிக்க முடியாது. பிடிக்காதவனுக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவனுக்குக் காப்பீடு இல்லை. ஃபிரிட்ஜில் மிச்சம் இரண்டு ஊசி.

மேல்முறையீட்டை வியாழக்கிழமை பத்து மணிக்குத் தொலைபேசியில் விசாரிப்பதாகச் சொன்னார்கள். அவன் மனைவி ஆர்டிஸ் ஒரு வாரம் அவனுக்குப் பயிற்சி கொடுத்தாள். தேவைதான். எங்கள் ஊரில் மரம் விழுந்து அடியில் கிடக்கிறவனும் "பரவாயில்ல" என்றுதான் சொல்வான்.

"எப்படி இருக்கே?"

"மோசமில்ல."

"மோசம்னு சொல்லு."

"மோசம்தான். ஆனா சமாளிக்கலாம்."

"அந்த 'ஆனா'வ முழுங்கேன், உனக்குப் புண்ணியமாப் போகும்!"

புதன்கிழமை சாயங்காலம் அவன் "ரொம்பக் கஷ்டப்படறேன்" என்று முழுதாகச் சொன்னான். சொல்லிவிட்டு, திருடிப் பிடிபட்டவன்போல் ஜன்னலைப் பார்த்தான்.

பழைய பொத்தான்களுக்குச் சாட்சியாக என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சமையலறை மேஜைமேல் போனை வைத்து மூவரும் சுற்றி உட்கார்ந்தோம். சரியாகப் பத்து மணிக்கு, தேன் தடவிய குரலில் ஒரு பெண் பேசினாள். உரையாடல் பதிவு செய்யப்படுகிறதாம்.

"காலை வணக்கம் மிஸ்டர் ஹாகன். எப்படி இருக்கீங்க?"

"ரொம்ப நல்லா இருக்கேன், மேடம். நீங்க எப்படி இருக்கீங்க?"

ஆர்டிஸ் தலையை மேஜையில் வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"நானும் நல்லா இருக்கேன், நன்றி. இன்னைக்கு வலி பத்துக்கு எவ்வளவு?"

"ஒண்ணு இருக்கும். அது ஊசி போட்டதால."

"ஒண்ணு." மறுபடியும் தட்டல்.

"ஊசி இல்லேன்னா ஒம்பது, மேடம்."

"இப்ப ஊசி போட்டுக்கறீங்களா, இல்லையா?"

"போட்டுக்கறேன்."

"அப்ப, போட்டுக்காத நிலைமைய எழுத என்கிட்ட கட்டம் இல்லீங்க."

"ஏம்மா, அவனால ஒரு பொத்தான் போட முடியாதும்மா!" என்று கத்தினேன்.

"இப்ப பேசறது நோயாளியா?"

"இல்ல. நான் அவன்கூட வேலை பாக்கறவன்."

"அப்ப தயவுசெஞ்சு பேசாதீங்க. மிஸ்டர் ஹாகன், இன்னைக்கு நீங்க பொத்தான் போட்டீங்களா?"

வெர்லின் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். பொய் சொல்ல அவனுக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை.

"போட்டேன், மேடம்."

ஏழு நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. பேசியதற்கு நன்றி சொல்லி, சாலையில் பார்த்து ஓட்டும்படி அவளுக்கு அறிவுரையும் சொல்லி, போனை வைத்தான்.

"ஏண்டா, முதல் கேள்விக்கே நல்லா இருக்கேன்னு சொல்லுவியா?" என்றேன்.

"அந்தம்மா மரியாதையாக் கேட்டாப்பா. முன்னப்பின்ன தெரியாத பொம்பள. காலங்காத்தால அவகிட்ட போய் என்னத்தச் சொல்ல?"

"என்கிட்டயாவது சொல்லேன்," என்றாள் ஆர்டிஸ், தலையைத் தூக்காமலே. "எப்படி இருக்கே?"

அவன் அடுப்பைப் பார்த்தான்.

"காபி சூடு பண்ணட்டுமா?" என்று எழுந்தான். கெட்டிலை ஒரு கையால் சுலபமாகத் தூக்கினான்.

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. தலைமை மருத்துவ இயக்குநர், தம் பெயருக்குப் பின்னால் ஆறு பட்டங்கள் சூழ, நோயாளியின் சொந்த வாக்குமூலத்தின் அடிப்படையில் மனு நிராகரிக்கப்படுவதாகவும், அவருடைய தொடர்ந்த நலத்துக்குக் கம்பெனியின் வாழ்த்துகள் என்றும் தெரிவித்திருந்தார்.

மார்ச்சில் அவன் கைகள் வீங்கின. அதற்குக் கம்பெனியில் வேறு படிவமாம்.