எதிர்த்தரப்புக்கு ஒரு நகல்

…அந்த வீட்டு முகவரியை நான் யாரிடம் சொன்னேன், கூடப்பிறந்த தம்பியிடமே மூச்சு விடவில்லை, பால்காரன் கேட்டதற்கு நானே கடைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றேன், லைசென்ஸ் ஆபீசில் மட்டும் சொன்னேன், வீடு மாறினால் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம், ஆயுள் பூராவும் லாரி ஓட்டியவனுக்கு லைசென்ஸ் போனால் கை போன மாதிரி… இப்போது இந்த வக்கீலம்மா புது வீட்டு முகவரி கேட்கிறாள், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் என் மகள், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருக்கிறாள், வெளியே கதவு சாத்தினாலே தூக்கிவாரிப் போடுகிறது அவளுக்கு, அவன் வந்துபோனதிலிருந்து இப்படித்தான்.

அவன், அவளைக் கட்டியவன். அடி தாங்காமல் அவள் என்னிடம் ஓடிவந்ததும் ஊரின் மறுகோடிக்குக் குடிபோனோம், எவனையும் நம்பாத நான் இனி வரமாட்டான் என்று நம்பிவிட்டேன், ஒரு மத்தியானம் வாசலில் நிற்கிறான், செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டுகிறான், "என்ன மாமா, போட்டோல தூங்கிட்டீங்க?" என் படம், ஒரு கண் பாதி மூடிய படம், லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது எடுத்தது, இன்னொன்று எடுய்யா என்றதற்கு உங்களுக்குப் பொண்ணா பாக்கப்போறோம் என்றான் அந்த ஆபீஸ்காரன், என் சட்டைப்பையிலும் அந்த ஆபீசிலும் தவிர வேறெங்கும் இல்லாத படம், கீழே என் பிறந்த தேதி, ரத்த வகை, கதவு எண்… அந்த ஆபீசிலிருந்து ஒரு கம்பெனி வாங்கி விற்கிறதாம், டயர்காரனுக்கு, இன்சூரன்ஸ்காரனுக்கு, கேட்டவனுக்கெல்லாம், என் பிறந்தநாளுக்கு எவனெவனோ போனில் வாழ்த்தியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா, பெற்ற மகளுக்கே ஞாபகமில்லாத தேதி. அன்றைக்கே வீட்டைக் காலி செய்தோம், இந்தத் தடவை லைசென்ஸ் ஆபீசில் சொல்லவில்லை, பிடுங்கினால் பிடுங்கட்டும்.

வக்கீலம்மா பொறுமைசாலி, இதற்குச் சட்டம் இருக்கு ஐயா என்கிறாள், நஷ்டஈடு கேக்கலாம், வித்ததை அழிக்கச் சொல்லலாம், இனிமே விக்கவே கூடாதுன்னு தடை வாங்கலாம், வாங்கின உங்க மருமகனையும் வழக்குல சேத்துக்கலாம்… அழித்தால், பார்த்தவன் மண்டைக்குள் இருப்பதை எந்த ஜட்ஜ் அழிப்பார்? மனுவில என் வீடு இருக்குமா என்றேன், இருக்கும், எதிர்த்தரப்புக்கு ஒரு நகல் போகும் என்றாள், யார் எதிர்த்தரப்பு, அந்த ஆபீஸ், விற்ற கம்பெனி, அவன்… நானே தபால் செலவு செய்து அவனுக்கு வழி சொல்ல வேண்டுமா? "அப்படியில்ல ஐயா, முகவரிய உறையில போட்டு முத்திரை வைக்கச் சொல்லிக் கேப்போம், கோர்ட் ஆபீஸ்லயே இருக்கும்." ஆபீஸ்ல யாரும்மா வச்சிருப்பாங்க என்று கேட்டேன், ஒரு கிளார்க் என்றாள், சொன்னவள் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டாள்.

வந்துவிடலாம் என்று எழுந்தேன், மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள், சின்ன வயசில் கடைவீதியில் இழுப்பாளே அப்படி. "இன்னும் எத்தன வீடுப்பா? உக்காருங்க. நான் சொல்றேன், எழுதுங்க மேடம்." சொல்ல ஆரம்பித்துவிட்டாள், கதவு எண், தெரு, கைப்பையை விடவில்லை, சொல்வதையும் நிறுத்தவில்லை, பேனா ஓடுகிறது, வண்டியில் உட்கார்ந்திருக்கிற நினைப்பில் என் கண் தானாகக் கண்ணாடியைத் தேடிப் போயிற்று, பின்னால் வருவது யார் என்று பார்க்க… அங்கே வெறும் சுவர்தான் இருந்தது.