கோமதிநாயகத்தின் ஹெட்போனைப் பழக்கியவர்

கோமதிநாயகம் வாங்கிய புது ஹெட்போன் கீழ்வீட்டு ஜெபராஜின் தலையில் இருந்தது. அதில் தவறு ஒன்றும் இல்லை. அந்தக் குடியிருப்பில் புது ஹெட்போனை வாங்கியவரே போட்டுக்கொள்வதில்லை. பக்கத்தில் இருப்பவர் யாராவது பழக்கிக் கொடுக்க வேண்டும். பழக்காவிட்டால் எது போட்டாலும் தகர டப்பாவில் பட்டாணி உருட்டிய மாதிரிதான் கேட்கும்.

எந்தப் பாட்டைக் கேட்கப்போகிறோமோ அதையே போட்டுப் பழக்க வேண்டும். வினை அங்கேதான் வந்தது.

கோமதிநாயகம் கேட்க ஆசைப்பட்டது ஒரே ஒரு பாட்டு. அவர் மனைவி சண்பகம் பாடியது. புருஷன் வீட்டில் இருந்தால் அவள் வாயைத் திறக்கமாட்டாள், அவ்வளவு வெட்கம். கல்யாண நாளுக்கென்று அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு செல்போனில் பாடிப் பதிந்து கொடுத்தாள்.

"நல்ல ஹெட்போன்ல கேளுங்க. இல்லன்னா கேக்கவே வேண்டாம்" என்றாள்.

மனுஷன் அன்றே கடைக்கு ஓடினார். இப்போது அந்தப் பாட்டை ஜெபராஜ் விடிந்ததிலிருந்து பொழுது அடைகிறவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

பழக்குகிறவருக்குச் சாப்பாடும் போக வேண்டும். கோமதிநாயகம் தூக்குவாளியில் தேங்காய்ப்பால் சொதியோடு இறங்கினால் படிகள் கூடிக்கொண்டே போகும். போய்ச் சேர்வதற்குள் சொதி ஆறிவிடும். சண்பகம் இறங்கினால் நாலே எட்டில் போய்விடுவாள். அவருக்கு வயிறு எரிந்தது.

"இன்னுமாவே பழகல?"

"அவசரப்படாதீங்க அண்ணாச்சி" என்றார் ஜெபராஜ், கண்ணைத் திறக்காமலே. "சரணத்துக்கு முன்னால மதினி ஒரு மூச்சு விடுதாவ. அந்த மூச்சு இப்பத்தான் லேசா பிடிபடுது."

"எம் பொண்டாட்டி மூச்ச நீரு எதுக்குவே கேக்கீரு?"

"ஒங்களுக்கு வேண்டாம்னா விட்டுருதேன். பட்டாணிதான் உருளும்."

கோமதிநாயகம் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்குவாளியை வைத்துவிட்டு வந்தார்.

ஒருவழியாகக் கடையிலிருந்து சோதிக்கிற பெண் வந்தாள். ஹெட்போனை முகர்ந்து பார்த்தாள். பழகிவிட்டது என்றாள். கோமதிநாயகம் பிடுங்காத குறையாக வாங்கி மாட்டிக்கொண்டார்.

பட்டாணி உருண்டது.

அவள் அவர் காதில் டார்ச் அடித்தாள். "ஹெட்போன் சரியாத்தான் இருக்கு. ஒங்க காதுதான் பழகல."

"அத யாரு பழக்குவா?"

"ஹெட்போனப் பழக்குனவருதான். வேற யாரு?"

வழக்கத்தை மீற முடியுமா? கோமதிநாயகத்தின் வலது காது சுலபமாகக் கழன்றது. இடது காதுக்குச் சண்பகம் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டாள். ஜெபராஜ் தன் காதுகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கோமதிநாயகத்தின் காதுகளை மாட்டினார். அளவாகத்தான் இருந்தன.

அதற்குப் பிறகு கோமதிநாயகத்துக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

சண்பகம் ஹெட்போனை வாங்கி ஓரமாக வைத்தாள். ஜெபராஜின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த வலது காதுப் பக்கம் குனிந்தாள். அவள் உதடு அசைந்தது. நேரிலேயே பாடினாள், அதுவும் புருஷனை எதிரில் வைத்துக்கொண்டு. கழுத்து நரம்பு ஏறி இறங்கியது. நடுவில் நிறுத்தி ஒரு மூச்சு விட்டாள்.

காது இரண்டும் குப்பென்று சிவந்தன. ஜெபராஜின் மேல் இருந்த கோபமெல்லாம் கோமதிநாயகத்துக்கு அந்த நிமிஷமே போய்விட்டது. அந்தக் காதுகளைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.