ஈரக் குண்டுகள்

மில்லின் மூடியைத் திறந்தபோது பொடி கொட்டவில்லை. பிசைந்த மாவு மாதிரி சுவரில் அப்பிக் கிடந்தது. இரண்டு நாளாக இதே கதை.

பெரம்பலூரிலிருந்து வேப்பந்தட்டை போகும் சாலையில் இருந்த அந்தச் சின்னக் கம்பெனியில், சர்க்கரை வியாதி மாத்திரைக்கான மருந்தை ஆறு மாதமாக அந்த மில்தான் செய்தது. இரண்டு பொடிகளை எஃகுக் குண்டுகளோடு உருளையில் போட்டுச் சுற்றவிட்டால், குண்டுகள் இடிக்கிற இடியிலேயே இரண்டும் கூடி மருந்தாகிவிடும். கரைக்கிற சால்வென்ட் திரவம் ஊற்ற வேண்டாம், காய்ச்ச வேண்டாம், நாறும் கழிவை ஓடையில் விடவும் வேண்டாம்.

மேனேஜர் சிவசுப்பிரமணியன் எட்டிப் பார்த்தார். இது காலேஜில் காட்டுகிற வித்தை, தொழிலுக்கு ஆகாது என்றார். மில்லைக் கொண்டுவந்த கெமிஸ்ட் நர்மதா குனிந்து, அப்பியதைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். லாரியில் வரவழைத்திருந்த டிரம்மைத் திறந்து பழையபடி சால்வென்ட்டை ஊற்றச் சொல்லி, மேனேஜர் காத்தாயிக்கு உத்தரவு போட்டார்.

காத்தாயி பதினோரு வருஷம் அந்த மாதிரி டிரம்களிலிருந்து ஊற்றியவள். நாற்பது வயதில் எழுத்துக் கூட்டக் கற்றபோது, அவள் முழுசாகப் படித்த முதல் வரி அதில் ஒன்றின்மேல்தான் ஒட்டியிருந்தது: ஆவியை முகராதீர்கள். அதற்குள் முகர்ந்து முடித்திருந்தாள். இப்போது அடுப்பில் ரசம் தீய்ந்தாலும் அவளுக்குத் தெரியாது.

மூக்குதான் போயிற்று, காது இருந்தது. சின்ன வயதில் ரெட்டிபாளையம் சிமென்ட் ஆலையில் இதே மாதிரி குண்டு மில்லைச் சுற்றிப் பெருக்கியவள். கடகடவென்று இரைந்தால் உள்ளே நன்றாக அரைபடுகிறது. தொம்தொம்மென்றால் குண்டில் ஏதோ அப்பியிருக்கிறது. நேற்றும் இன்றும் தொம்தொம். ஏனென்று யோசித்தவளுக்குப் பூஜை ஞாபகம் வந்தது.

முந்தாநாள் ஆயுத பூஜை. மில்லுக்குப் பொட்டு வைத்ததோடு விடாமல், குண்டுகளையும் தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து உள்ளே போட்டது அவள்தான்.

மேனேஜர் முன்னால் போய் நின்றாள். "மில்லு மேல தப்பில்ல சார். குண்ட கழுவுனது நான்தான்."

"தண்ணி படக்கூடாதுன்னு செவுத்துல எழுதியிருக்கே, படிக்கல?"

"படிச்சேன். சாமிக்குச் செய்யறப்ப ஈரம் என்ன பண்ணிடப் போவுதுன்னு இருந்துட்டேன்."

"அப்ப மொதல்ல உன்னையத்தான் வூட்டுக்கு அனுப்பணும்."

"அனுப்புங்க. ஆனா டிரம்ம நான் தொறக்க மாட்டேன். மூக்கக் குடுத்துட்டேன். நெஞ்சையும் கேட்டா இல்ல."

கூட வேலை பார்க்கும் உண்ணாமலை பக்கத்தில் நின்றாள், அவளைத் திறக்கச் சொன்னார் மேனேஜர். அவள் கையுறைகளைக் கழற்றி டிரம்மின்மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் நர்மதாவுக்கும் குரல் வந்தது. "ஒரே ஒரு ஓட்டம் விட்டுப் பார்ப்போம் சார்."

வேறு வழியில்லாமல் சரி என்றார்.

உருளையைச் சுரண்டித் துடைத்தார்கள். குண்டுகளைச் சூட்டுப் பெட்டியில் வைத்து, பொட்டு ஈரமில்லாமல் காயவிட்டார்கள். மத்தியானம் மில் சுழன்றது. காத்தாயி தலையைச் சாய்த்துக் கேட்டாள். கடகட. மூடியைத் திறந்தபோது சலித்த அரிசி மாவாகக் கொட்டியது. சோதனையிலும் தேறியது.

டிரம் திறக்காமலே, வந்த லாரியிலேயே திரும்பிப் போனது. காத்தாயிக்கு மூன்று நாள் வேலை கிடையாது என்று மேனேஜர் தாள் நீட்டினார். அவள் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டுப் பேனாவை வாங்கினாள். கையெழுத்துக்கு மேலே கோணல்மாணலாக எழுதினாள்:

'குண்டைக் கழுவியது உண்மை. டிரம்மைத் திறக்க மாட்டேன் என்றதும் உண்மை.'