யாரிடமும் இல்லாத ஏழு நிமிடம்

அந்தப் படிவத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒன்பது நாளாக அலைந்தார் மனுஷன். நிரப்பிக் கேப்டனிடம் கொடுக்க வேண்டிய அதில் இருந்தது இரண்டே கட்டம்தான். முதல் கட்டத்தில் குறியிட்டால் எல்லாத் துறையிலும் கொஞ்சம் கொஞ்சம் கற்று, ஒருநாள் ஒரு போர்க்கப்பலுக்குக் கேப்டன் ஆகலாம். இரண்டாவதில் குறியிட்டால் ஆயுசுக்கும் இயந்திர நிபுணர். மதிப்பு உண்டு, பதவி உயர்வு உண்டு, தனக்கென்று ஒரு கப்பல் மட்டும் கிடையாது. கடற்படையில் சேர்ந்த இந்தப் பதினோரு வருடமும் அவர் ஆசைப்பட்டது கப்பலுக்குத்தான். ஆனால் சக அதிகாரிகள் அவருக்கு வைத்த பெயரோ ‘டாக்டர்’. எந்த மோட்டார் முனகினாலும் காதை வைத்துக் கேட்டு நோயைச் சொல்லிவிடுவார்.

அன்று காலை, சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

“இன்னும் எத்தனை நாளைக்கு ரெண்டு தோணியிலயும் கால் வச்சுக்கிட்டு நிப்பீங்க? கப்பல் வேணும்னா கேளுங்க. உனக்காகத்தான் கரையிலயே நின்னுட்டேன்னு நாளைக்குப் பழியை என் தலையில போடாதீங்க.”

டாக்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நின்றபடியே முதல் கட்டத்தில் குறியிட்டார். நிம்மதி வரும் என்று பார்த்தார். வரவில்லை; படிவத்தை மறுபடி சட்டைப்பையிலேயே செருகிக்கொண்டு கிளம்பினார்.

பதினொரு மணிக்குக் கப்பல் நடுக்கடலில் இருந்தது. மேல்தளத்தில் கப்பலைச் செலுத்தும் பொறுப்பு அவருடையது. டாக்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலடியில் தளத்தின் அதிர்வு லேசாக மாறியிருந்தது. கீழே இயந்திர அறைக்குப் போன் போட்டார்.

“மீட்டர் எல்லாம் சரியா காட்டுது சார்” என்றார் இன்ஜினியர்.

மீட்டர் சொன்னால் ஆயிற்றா? இரண்டு நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு பக்கத்தில் வரைபடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த துணை அதிகாரியிடம், “இதோ வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு ஏணியில் இறங்கினார்.

அவர் நினைத்தது சரிதான். வடிகட்டி அடைத்து, ஒரு பேரிங்குக்கு எண்ணெயே போகவில்லை. தொட்டால் கை பொசுங்கும் சூடு. மாற்று வடிகட்டிக்குத் திருப்பிவிட்டதும் அதிர்வு அடங்கியது. இன்ஜினியர் தலையில் அடித்துக்கொண்டார். டாக்டருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

எண்ணெய்க் கையோடு மேலே வந்தால், அங்கே கேப்டன் நின்றிருந்தார்.

“மீன்பிடிப் படகு ஒண்ணு குறுக்க வந்துச்சு. நான் தற்செயலா மேல வந்து திருப்பினேன். கப்பலை யார்கிட்ட ஒப்படைச்சுட்டுப் போனீங்க?”

“என்கிட்ட ஒப்படைக்கல சார்” என்றார் துணை அதிகாரி. பொறுப்பைக் கொடுப்பவர் “ஒப்படைக்கிறேன்” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், வாங்குபவர் “ஏற்றுக்கொண்டேன்” என்று சொல்ல வேண்டும். டாக்டர் அதைச் சொல்லவில்லை. ஏழு நிமிடம் அந்தக் கப்பல் யாரிடமும் இல்லை.

“படிவம் எங்க?”

கொடுத்தார். கேப்டன் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“கீழ இருந்தப்ப, மேல என்ன ஆகுதோன்னு ஒரு தடவையாவது தோணுச்சா?”

தோன்றியது என்று சொல்லிவிடலாம். சொன்னால் கேப்டன் நம்பவும் கூடும்.

“இல்ல சார்.”

பதினோரு வருடம் ஏங்கிய கப்பல் அந்த ஏழு நிமிடத்தில் ஒருமுறைகூட அவர் நினைவுக்கு வரவில்லை. படிவத்தைத் திருப்பி வாங்கி, முதல் கட்டத்துக் குறியை அவரே குறுக்கே கோடு போட்டு அடித்தார்.