பதினாறு வருஷத்து ஃபில்லிங்

கயிறு அறுவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும் என்பது, முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவருக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். அதனால்தான், மருந்துக்கடையில் யாரோ "இந்தப் பல் ஃபில்லிங்கெல்லாம் பத்து வருஷம்தான்" என்று போகிறபோக்கில் சொன்னது அவர் மண்டைக்குள் குடியேறிவிட்டது.

அவருடைய ஃபில்லிங்குக்கு வயது பதினாறு. அதுவும், கீழ் வரிசையில் வலப்பக்கம் மிஞ்சிய ஒரே கடைவாய்ப்பல்லில். பல் செட்டின் கொக்கி அதைத்தான் பிடித்திருந்தது. அந்தப் பல் போனால் செட் நிற்காது. அப்புறம் எதையும் கரைத்துத்தான் குடிக்க வேண்டும்.

அன்றிலிருந்து நாக்கு அந்தப் பல்லையே துழாவிக்கொண்டிருந்தது. செய்தி பார்க்கும்போதும் அங்கேதான், குளிக்கும்போதும் அங்கேதான்.

"வாய்க்குள்ள என்ன, எலியா ஓடுது?" என்றாள் மனைவி.

பழைய கருவிப்பெட்டியில் ஃபீலர் கேஜ் இருந்தது. விசிறி போல விரியும் மெல்லிய இரும்புத் தகடுகள். இடுக்கில் நுழைத்து இடைவெளியை அளப்பது. ஞாயிறுதோறும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இருப்பதிலேயே மெல்லிய தகட்டை ஃபில்லிங்கின் ஓரத்தில் நுழைத்துப் பார்த்தார். முதல் வாரம் நுழையவில்லை. மூன்றாம் வாரம் நுனி நுழைந்தது. ஆறாம் வாரம் அடுத்த தகடும் நுழைந்தது. மறுநாளே மனைவியையும் அழைத்துக்கொண்டு பல் டாக்டரிடம் ஓடினார்.

"மொத்தமா எடுத்துட்டுப் புதுசாப் போட்டுடுங்க டாக்டரம்மா. டைம் முடிஞ்சிடுச்சு."

"பால் பாக்கெட்டா சார், தேதி பார்த்துத் தூக்கிப் போட? சிலருக்கு அஞ்சு வருஷத்துல போயிடும், சிலருக்கு இருபது வருஷம்கூட நிக்கும். ஒவ்வொரு தடவை தோண்டும்போதும் பல்லும் கொஞ்சம் கரையும். உங்களுக்குச் சுவரே மெலிசாதான் இருக்கு. இன்னொரு தடவை முழுசாத் தோண்டினா பல் பிளந்தாலும் பிளந்துடும்."

டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்தார். சொத்தை இல்லை. விளக்கை இன்னும் கீழே இழுத்துப் பார்த்தவர், சட்டென்று நிறுத்தினார்.

"ஓரம் மட்டும் பெயர்ந்திருக்கு. கீறல் கோடு போட்ட மாதிரி இருக்கே... எதை விட்டு நோண்டுனீங்க?"

அவர் கூரையைப் பார்த்தார்.

"கேக்குறாங்கல்ல, சொல்லுங்க" என்றாள் மூலை நாற்காலியிலிருந்த மனைவி.

"ஃபீலர் கேஜு... சும்மா அளந்து பார்க்க."

"அட கடவுளே! மெஷின் இடுக்குல விடுற தகட்டையா வாயில விட்டீங்க?" என்றாள் மனைவி.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "நீங்க இடைவெளியை அளக்கல சார். உண்டாக்கியிருக்கீங்க."

ஓரத்தை மட்டும் பூசி அடைத்தார். இருபது நிமிஷ வேலை.

"இது எவ்வளவு நாள் தாங்கும்?"

"தெரியாது சார். நீங்க சாப்பிடுற பிரஷர் மாத்திரையால வாய் காயுது, அதனால ஓரத்துல சொத்தை வரலாம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை நான் பார்க்குறேன். நடுவுல நீங்க பார்க்கக் கூடாது."

தெரியாது! தன் வேலைக்காலத்தில் எந்தச் சோதனைப் படிவத்திலும் அவர் எழுதாத சொல்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். வழுவழுப்பாக இருக்கிறதா என்று நாக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்தது. இழுத்துக்கொண்டார். அது மறுபடியும் போனது.

"நாக்கு!" என்றாள் மனைவி.

"நம்ம ஸ்டாப் வந்துடுச்சான்னு பார்த்தேன்."

"நாக்காலயா?"